14416-க்குப் பேசுவதா, சகி மையத்துக்கு நேரில் போவதா?

வீட்டில் அடியும் வசவும் வாங்கி மனசு உடைந்தவர்களுக்கு இரண்டு இலவச வழிகள் உண்டு. 2022-இல் தொடங்கிய, அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண்ணான 14416-க்கு நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்லை. தூக்கம் வராமல், யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் போதும் என்றிருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். சரி, அடிக்கிறவர் பக்கத்து அறையிலேயே இருந்தால் எப்படிப் பேசுவது?

வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்தில் ஆலோசகர் எதிரே உட்கார்ந்து கேட்பார், அதோடு மருத்துவ உதவி, போலீஸ் புகார், வக்கீல் ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாவற்றுக்கும் அங்கேயே ஏற்பாடு செய்வார்கள். (பெண்களுக்கு மட்டும்தான், ஆண்களுக்கு 14416தான்.)

என்னைக் கேட்டால், அடி இன்னும் ஓயவில்லை என்றால் முதலில் சகி. பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த வீட்டைவிட்டு வந்த பிறகும் பழசு துரத்துகிறதா, 14416-இல் ஆரம்பிக்கலாம்.