பழைய செரோக்கிக்கு 3 அங்குல லிஃப்ட், 31 அங்குல டயர்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

வண்டி 1998 ஜீப் செரோக்கி, எக்ஸ்ஜே ரகம். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை. ஒரு வருடத்துக்கு முன் இதில் வண்டியின் உடலை உயர்த்தும் 3 அங்குல லிஃப்ட் கிட் ஒன்றும், 31x10.50 ஆர்15 அளவில் பிஎஃப்குட்ரிச் ஆல் டெரெய்ன் கேஓ2 டயரும் போட்டேன். டயருக்கு முழு மதிப்பெண் தருவேன். லிஃப்ட் கிட்டுக்குப் பாதிதான், அதுவும் முன் ஸ்பிரிங்குக்காகத்தான்.

முதலில் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் விஷயம். லிஃப்ட் கிட் போட்டால் வண்டி உயரும், ஆனால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சான ஆக்சில் உயராது. கல்லில் முதலில் இடிப்பது ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் அடிப்பாகம், அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை டயர் மட்டுமே தீர்மானிக்கும். பழைய 225/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28.3 அங்குலம். 31 அங்குலத்துக்குப் போனால் வித்தியாசம் 2.7, ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான். லிஃப்டின் முக்கிய வேலை, அந்தப் பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் சுற்ற இடம் பண்ணிக் கொடுப்பது. வயிறு கொஞ்சம் மேலே போவது கூடுதல் லாபம். அதனால் டயர் அளவை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தூக்குங்கள். தேவைக்கு மேல் தூக்கும் ஒவ்வொரு அங்குலமும் பக்கச்சரிவில் வண்டி கவிழும் பயத்தைக் கூட்டும், ஸ்டீயரிங் கோணத்தைக் கெடுக்கும்.

கிட்டில் வந்தவை முன்னுக்கு இரண்டு காயில் ஸ்பிரிங், பின்னுக்குப் பக்கத்துக்கொரு கூடுதல் கமான் பட்டை, நான்கு ஷாக் அப்சார்பர். முன் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது, இன்றுவரை இறங்கவில்லை. பின்னுக்கு வந்த அந்தக் கூடுதல் பட்டைதான் ஏமாற்றம். இருபது வருடத்துக்கு மேல் சுமை தாங்கி நிமிர்ந்துபோன கமானுக்குள் குட்டையான, விறைப்பான ஒரு பட்டையைச் செருகினால் என்ன ஆகும்? முதல் மாதம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகில் குத்தியது, நான்காவது மாதம் பின்பக்கம் மறுபடி தொங்கிவிட்டது. கடைசியில் முழு கமான் செட்டையே புதிதாக வாங்கிப் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், பழைய வண்டிக்குக் கூடுதல் பட்டை என்பது தீர்வே அல்ல. ஆக்சிலுக்கும் கமானுக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவதை நான் யோசிக்கக்கூட இல்லை, மிதிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு கமானை வளைக்கும்.

கிட்டில் வராதவை இன்னும் முக்கியம். பிரேக் ஹோஸ் நீளம் போதவில்லை, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைத்து நின்றது. சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் பழைய நீளத்திலேயே இருந்ததால் சக்கரம் முழுதாக மேலேறும்போது டயர் ஃபெண்டரின் கீழ் ஓரத்தில் உரசியது. முன் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பியான ட்ராக் பார் பழையதே, அதனால் முன் ஆக்சில் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் இல்லாத கிட்டை முழு கிட் என்று விற்கக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது கமான் மாற்றிய கதை, ஏனென்றால் பழைய வண்டியில் இதுதான் உண்மையான வேலை. எக்ஸ்ஜேவில் பின் கமானின் முன்பக்க போல்ட், பெட்டி போன்ற சட்டத்துக்குள் பற்றவைத்திருக்கும் நட்டில் ஏறுகிறது. நட்டைக் கண்ணால் பார்க்கவே முடியாது. கமான் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு போல்ட் துருவேறி ஒன்றாகிவிட்டிருக்கும். ஒரு வாரம், தினமும் மாலையில் சட்டத்தின் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். இடது பக்கம் நீளமான கைப்பிடி போட்டு மெல்ல மெல்ல, கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று ஆட்டியதும் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. வலது பக்கம் திடீரென்று லேசாகிவிட்டது. சந்தோஷப்பட்ட அடுத்த நொடி புரிந்தது: போல்ட் கழலவில்லை, உள்ளே நட்டின் பற்றுதான் விட்டுப்போய் இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. சட்டத்தில் சிறு சன்னல் வெட்டி, நட்டை ஸ்பேனரால் பிடித்துக் கழற்றி, அப்புறம் பற்றவைத்து மூட வேண்டியதாயிற்று. நீங்கள் கிட் ஆர்டர் செய்யும் அன்றே எண்ணெய் அடிக்க ஆரம்பியுங்கள், கிட் வந்த பிறகு அல்ல.

இன்னொன்று, ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கி இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

லிஃப்ட் போட்ட மூன்றாவது வாரம், மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் வலது சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெறி பிடித்ததுபோல் ஆட ஆரம்பித்தது, டாஷ்போர்டு முழுக்க நடுங்கியது, வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் அடங்கியது. பக்கத்தில் குடும்பம் இருந்தது. அந்த நடுக்கத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மாற்றச் சொன்னார்கள், அது நோயை மறைக்கும், குணமாக்காது. உண்மையான காரணம் ட்ராக் பாரின் ஆக்சில் பக்க போல்ட் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்றே ஆட்ட, இன்னொருவர் கீழே அந்த மூட்டில் விரலை வைத்தால் ஆட்டம் கையிலேயே தெரியும். லிஃப்ட் அந்தத் தேய்மானத்தை உண்டாக்கவில்லை, வெளியே கொண்டுவந்தது. துளையைச் சரிசெய்து, புதிய ட்ராக் பார் போட்டு, முன் சக்கரத்தின் திருப்பு அச்சு சாய்ந்திருக்கும் அளவான காஸ்டர் கோணத்தையும் சரிசெய்த பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடியதால் நல்ல வேகத்தில் ஒரு அதிர்வு இருந்தது. முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை ஓர் அங்குலம் இறக்கும் துண்டுகள் போட்டதும் போய்விட்டது. 3 அங்குலத்துக்கு மேல் போனால் ஷாஃப்ட் முனையில் சறுக்கும் இணைப்பான ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு இரட்டை மூட்டு ஷாஃப்ட் போடுவதுதான் ஒழுங்கான வழி.

சரி, டயருக்கு வருவோம். சேற்றுக்கான மட் டெரெய்னா, எல்லா நிலத்துக்குமான ஆல் டெரெய்னா என்று நிறைய யோசித்தேன். மட் டெரெய்னின் பெரிய பட்டன்கள் ஆழமான சேற்றில் மண்ணை உதறித் தள்ளும், உண்மை. ஆனால் மழை நனைத்த தார்ச்சாலையில் பிடிமானம் குறைவு, இரைச்சல் அதிகம். என் ஓட்டத்தில் பெரும்பகுதி சாலை, அப்புறம் சரளை, பாறை, எப்போதாவது சேறு. கேஓ2 இதற்குச் சரியாக இருக்கிறது. ஈரப் பாறையில் 16 பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்கியதும் டயர் கல்லின் வடிவத்துக்கு அமுங்கி நசுங்கிப் பிடிக்கும் விதம் அழகு. பக்கச்சுவரில் கூர்க்கல் கீறிய தழும்பு மூன்று இருக்கிறது, ஒரு பஞ்சர் இல்லை. களிமண்ணில் மட்டும் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு மொட்டை டயர் போலாகிவிடும். வாங்கும்போது சுமை தாங்கும் ரகத்தில் (லோட் ரேஞ்ச்) சி போதும், செரோக்கி போன்ற எடை குறைந்த வண்டிக்கு ஈ ரகம் தேவையில்லாத விறைப்பு. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

பெரிய டயருக்கு விலை கியரில் கொடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 110 போகிறது, ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றினால் அது சரியாகும். ஆனால் என் 3.55 ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) இப்போது 3.24 போல நடந்துகொள்கிறது, ஏற்றத்தில் கியர் அடிக்கடி கீழே இறங்குகிறது. 4.10 போட்டால் தீரும், அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு ஆக்சிலையும் பிரிக்க வேண்டும், அடுத்த வருடம் செய்யப்போகிறேன்.

டயர் ஐந்தாக வாங்குங்கள். நான் நான்குதான் வாங்கினேன், ஸ்டெப்னி இன்னும் பழைய 28 அங்குலம். அதைப் பின்னால் மாட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், ஃபோர் வீலும் போட முடியாது. ஐந்தாவதுக்கு இந்த வாரம்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.