முட்டையா, புரோட்டீன் பவுடரா?

பதினாறு வயதுப் பையன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் கேட்பது பவுடர் டப்பாதான். சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு ஸ்கூப் வே (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) பவுடரில் சுமார் 24 கிராம் புரதம், 120 கலோரி. அதே புரதத்துக்கு நாலு முட்டை வேண்டும். கலோரி 280 வரை போகும். கொழுப்பு ஏறக்கூடாது என்றால் பவுடர்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் இது வளர்கிற வயது. சதை போட புரதம் மட்டும் போதாது, கலோரியும் வேண்டும்.

என் ஓட்டு முட்டைக்குத்தான். மஞ்சள் கருவைத் தூக்கி எறியாதீர்கள். வைட்டமின் டி, பி12 எல்லாம் அதில்தான். பயிற்சி முடிந்து பசியோடு வருகிறவனுக்கு இரண்டு முட்டையை அவித்து, மிளகுத்தூள் தூவி, ஒரு டம்ளர் பாலோடு கொடுங்கள். கிட்டத்தட்ட 18 கிராம் புரதம் சேர்ந்துவிடும். முட்டை தொடாத வீடா? பவுடருக்கு முன்னால் சுண்டலும் தயிரும் இருக்கிறது.