ஸ்பிட்ஸ் குட்டி வளர்ப்பு: பல ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்

ஸ்பிட்ஸ் குட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். வீடு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆளில்லாத வீடு இந்த நாய்க்கு ஆகவே ஆகாது. எங்கள் ஸ்பிட்ஸ் நாய் 'பனி' வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் யார் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து, வாசற்படியில் படுத்துக்கொள்கிறது.

கூரிய முகம், நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால் என்றிருக்கும் இந்த நாய்களின் முன்னோர் குளிர்ப் பிரதேசங்களில் மந்தை காத்தும் வேட்டைக்குத் துணைபோயும் வாழ்ந்தவை. வீடு காத்த ஸ்பிட்ஸ்களுக்கு அந்நியர் வந்தால் குரல் கொடுப்பதே வேலை. பால்டிக் கடலோரப் பொமரேனியாவின் பெயரைத் தாங்கிய பொமரேனியன் என்ற சிறிய ஸ்பிட்ஸும் ஒரு காலத்தில் இன்றைவிடப் பெரிய நாய்தான். விக்டோரியா அரசி 1888இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸிலிருந்து மார்கோ என்ற சிறிய பொமரேனியனைக் கொண்டுவந்த பிறகு சிறிய உருவத்துக்கு மவுசு கூடியது. உடல் சிறுத்தாலும் காவல் புத்தி அப்படியே இருக்கிறது.

ஆகவே குரைப்பை அடியோடு நிறுத்த முயல வேண்டாம். அதட்டினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றே அது எடுத்துக்கொள்ளும். அழைப்புமணி அடித்ததும் இரண்டு மூன்று குரல் கொடுக்கவிட்டு, தணிந்த குரலில் 'போதும்' என்று சொல்லி, அது வாயை மூடிய அதே நொடியில் ஒரு துணுக்குத் தீனி கொடுத்துப் பழக்கினோம். இப்போது கதவைப் பார்த்துக் குரைத்துவிட்டு, காதைப் பின்னால் மடித்து, கழுத்தை மட்டும் திருப்பி எங்களைப் பார்க்கும். 'கேட்டுவிட்டோம்' என்று சொன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் அத்தனை பேரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்றால் எதுவும் நடக்காது.

துறுதுறுப்பைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். மாலையானால் குட்டி பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் வெறிபிடித்தாற்போல் வட்டமடிக்கும். சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். நடைப்பயிற்சி தேவைதான். ஆனால் அதைவிட மூளைக்கு வேலை கொடுப்பது பலன் தருகிறது. பழைய துண்டுக்குள் உணவு மணிகளைத் தூவிச் சுருட்டி வைத்தால், மூக்கால் நெம்பி நெம்பிப் பிரித்துத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கும். குட்டிக்கு நாளில் பெரும்பகுதி தூக்கம் வேண்டும். பிள்ளைகள் எழுப்பி விளையாடினால், களைப்பில் கடிக்கத் தொடங்கிவிடும்.

கடிப்பது வேறு காரணத்தாலும் இருக்கும். ஏறத்தாழ நான்காவது மாதம் தொடங்கி 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வரும் காலம் அது. சிறிய ஸ்பிட்ஸ்களுக்குப் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. பனிக்கும் அப்படித்தான் நின்றது. கால்நடை மருத்துவர் எடுத்துவிட்டார். வாயைத் திறந்து காட்டக் குட்டியிலேயே பழக்குவது இதற்காகத்தான்.

முடிதான் தினசரி உழைப்பு. அடியில் மென்மையான அடர்முடி, மேலே நீண்ட முரட்டுமுடி என இரண்டு அடுக்கு. ஐந்தாறு மாத வயதில் குட்டிமுடி கொட்டி, நாய் இளைத்துக் களையிழந்து தெரியும். பதற வேண்டாம், புதுமுடி வளரும். மேலோட்டமாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும். அடியில் சிக்கு கெட்டியாகிக்கொண்டே இருக்கும். முடியைப் பிரித்துத் தோல் தெரியும்படி, பகுதி பகுதியாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்புறமும் முன்னங்கால் இடுக்கும் சிக்குக்குப் பெயர் போனவை. சிக்கெடுத்த பிறகே குளிப்பாட்ட வேண்டும். அடிமுடிவரை ஈரம் காய வேண்டும். வெயிலுக்கு நல்லது என்று சொல்லி மழிக்கச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மழித்த முடி சரியாக வளராமலே போகக்கூடும். தோலும் வெயிலில் காயும். நிழலும் குளிர்ந்த தரையும் தண்ணீரும் கொடுத்து, வெயில் தணிந்தபின் வெளியே அழைத்துப் போனால் போதும்.

சிறிய ஸ்பிட்ஸ்களுக்கு முழங்கால் சில்லு விலகுவதும் மூச்சுக்குழல் நலிவதும் சாதாரணமாகக் காணப்படும் தொல்லைகள். அதனால் கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி இழுப்பதில்லை, மார்பைச் சுற்றும் பட்டைதான் போடுகிறோம். சோபாவுக்கு ஏற ஒரு சிறு படியும் வைத்திருக்கிறோம்.

நாள் முழுவதும் வேலைக்குப் போய்விடும் வீட்டுக்கும், குட்டியைத் தூக்கிப் போட்டு விளையாடும் மிகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம்; இவ்வளவு ஒட்டுதலும் சூட்டிகையும் உள்ள நாய் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும் பேறு. வாங்கும்போது தாய் நாயை நேரில் பாருங்கள். அதன் சுபாவம் குட்டியிடமும் வரும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துத் தருபவர்களிடம் வாங்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டு, அடுத்த ஊசி எப்போது என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.