மாட்டுக்கறி வேண்டாம் என்றேன், மாட்டுக்கொழுப்பில் சோறு கிண்டிக் கொடுத்தார்கள்: 978 வெள்ளி போன கதை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று வியாழன். நாலு நாளாகியும் கோபம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியில் சாப்பிடப் போகும் நம்மவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று மைத்துனர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம், பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து, வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கறுப்புத் திரை தொங்கவிட்டிருக்கும் ஜப்பானிய ஃபியூஷன் உணவகம். அது போதும்.

அம்மாவுக்கு எழுபது வயது முடிந்தது. ஜூரோங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து எங்களை வளர்த்தவர். பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் எப்போதும் நம்ம லிட்டில் இந்தியா தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு என்பார். இந்த முறை நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "ஒரு தடவையாவது பெரிய எடத்துல உக்காந்து சாப்பிடும்மா" என்றேன். மீன் என்றால் அம்மாவுக்கு உயிர். ஜப்பான்காரர்களுக்கும் மீன்தானே என்று ஒரு கணக்கு. என் கணக்கு.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது. (என் மகள் வெளியில் பர்கர் சாப்பிடுகிறாளா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை.) அம்மா இந்த விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். நாசி பாடாங் என்கிற மலாய்ச் சோற்றுக் கடையில் ரெண்டாங் என்கிற மாட்டுக்கறிப் பிரட்டலின் கரண்டியைக் கோழிக் குழம்பில் விட்டதைப் பார்த்துவிட்டால் பேசாமல் வரிசையிலிருந்து விலகிவிடுவார். எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கடையில் மக்சிக்குக்கு, அதாவது அந்த மலாய் அம்மாவுக்கு, இது தெரியும். அம்மா தலை தெரிந்ததும் கரண்டியை மாற்றிவிடுவார். ஆறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு ஒரு செயலி மூலம். உணவுக் கட்டுப்பாடு எழுத ஒரு கட்டம் இருந்தது. "நாலு பேருக்கும் மாட்டிறைச்சி கூடாது, சமயக் காரணம்" என்று எழுதினேன். தலைக்கு 50 வெள்ளி முன்பணம், 200 வெள்ளி அங்கேயே அட்டையில் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை உணவகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் மறுபடி சொன்னேன். "நோ பீஃப், நோட்டட் சார்." இன்னும் காதில் இருக்கிறது அந்த நோட்டட்.

ஞாயிறு காலை சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் அம்மா பெயருக்கு அர்ச்சனை. அங்கிருந்து நடந்தே போகலாம், அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் டாக்சி. நெற்றியில் திருநீறு, குங்குமம், தலையில் மல்லிகைப்பூ, பட்டுப்புடவை. அந்தக் கோலத்தில்தான் அம்மா அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பார்த்தாலே தெரியாதா யார் வந்திருக்கிறார்கள் என்று?

நல்லதையும் சொல்ல வேண்டும். அங்கே ஓமகாசே முறைச் சாப்பாடு. ஓமகாசே என்றால் "உங்களிடமே விட்டுவிட்டேன்" என்று அர்த்தம். பட்டியல் கிடையாது, சமையல்காரர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். நீளமான மர மேடைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார், இந்தப் பக்கம் பத்துப் பேர். ஓரத்தில் ஒரு இரும்புத் தட்டு அடுப்பு. தோக்கியோவின் தொயோசு சந்தையிலிருந்து விமானத்தில் வந்த மீன் என்று பெட்டியைத் திறந்து காட்டினார். ஹமாச்சி மீனைச் சீவி, மேலே கறிவேப்பிலை எண்ணெய் சொட்டு வைத்துக் கொடுத்தார். அம்மா வாயில் போட்டுவிட்டு, "பச்சையா இருக்குன்னே தெரியலடா" என்றார். வசாபி கிழங்கைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்ட வட்டமாக உரசினார். அதை அம்மா கண் கொட்டாமல் பார்த்தார், அம்மியில் மஞ்சள் உரசுவது போலவே இருக்கிறதாம். சமையல்காரரும் சிரித்து, அந்தக் கிழங்கை அம்மா கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். 

ஆறாவதோ ஏழாவதோ வந்த பதார்த்தம் வாகியு என்கிற ஜப்பானிய மாட்டுக்கறி. எங்கள் நாலு பேருக்கு மட்டும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) தடவிச் சுட்ட வெள்ளை மீன் வந்தது. தட்டை அம்மா முன்னால் வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "ஆன்ட்டி, நோ பீஃப். ஃபிஷ். டோன்ட் வொரி" என்றார். பரவாயில்லையே, சொன்னதைச் செய்கிறார்களே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அதன் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோடிக்கு அதே இரும்புத் தட்டில் கறி சுட்டார். இறைச்சித் தரம் ஏ5 என்று விளக்கம் வேறு: எழுத்து ஒரு மாட்டில் எவ்வளவு இறைச்சி தேறும் என்பதற்காம், எண் தரத்துக்காம், ஐந்துதான் உச்சமாம். ஓரத்துக் கொழுப்பைக் கத்தியால் சீவி, சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்கித் தட்டின் மூலைக்குத் தள்ளினார். கழித்துக்கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பூண்டுச் சோறு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கிண்டல். வெள்ளையாக ஏதோ உருகி, பூண்டு பொன்னிறமாகி, சோற்றைக் கொட்டி, இரண்டு கரண்டியால் டக்டக்கென்று தட்டி, ஓரத்தில் கொஞ்சம் சோயா ஊற்றிப் பொங்கவைத்தார். வெண்ணெய் என்றே நான் நினைத்தேன். வாசனை தூக்கியது. அம்மா அன்று முழுக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை, அந்தக் கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டார். என் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, "அப்பா, அது வெண்ணெய் இல்ல. பக்கத்துல சுட்டாங்களே, அந்தக் கறிக் கொழுப்பு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

சமையல்காரரிடம் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. துணியால் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மேலாளர் வந்தார், முப்பது வயது இருக்கும், கையில் பெரிய கடிகாரம். "சார், இறைச்சி எதுவும் போடவில்லை. வாசனைக்குக் கொஞ்சம் கொழுப்பு மட்டும்தான். நீங்கள் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள், கொழுப்பு வேண்டாம் என்று குறிப்பிடவில்லை."

இதை எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார் பாருங்கள். உணவங்காடிக் கடைகளில் "நோ போர்க் நோ லார்ட்", பன்றிக்கறியும் இல்லை பன்றிக்கொழுப்பும் இல்லை என்று பலகை தொங்காத இடம் உண்டா? இறைச்சி வேறு, கொழுப்பு வேறு, இரண்டுமே சிலருக்கு ஆகாது என்று இந்த ஊரில் குவேத்தியாவ் கிண்டுகிறவருக்குத் தெரியும், எக்கனாமிக் ரைஸ் அள்ளிப்போடுகிறவருக்குத் தெரியும். தலைக்கு 198 வெள்ளி வாங்குகிற கடைக்குத் தெரியாதாம்! முஸ்லிம் நண்பர்களுக்காவது முயிஸ் என்கிற இஸ்லாமிய சமய மன்றம் கொடுக்கும் ஹலால் சான்றிதழ் இருக்கிறது, சுவரைப் பார்த்தால் போதும். மாட்டுக்கறி விலக்குகிறவர்களுக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை. நாம் வாயால் சொல்வதையும் அவர்கள் தலையாட்டுவதையும் நம்பித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அம்மா எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். கழிவறைக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். மனைவி கூடவே போனாள். நான் அங்கே நின்று பில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இலவசமாக யூசு என்கிற ஜப்பானிய எலுமிச்சை ஐஸ் நாலு கிண்ணம் அனுப்பினார்கள். அப்படியே உருகிக்கொண்டிருந்தது.

பில் இதுதான். நாலு பேருக்கு 792. பச்சைத் தேநீர் தலைக்கு 6, ஆக 24. யாரும் கேட்டு வாங்கவில்லை, உட்கார்ந்ததும் ஊற்றினார்கள், காசு என்று சொல்லவில்லை. 816 வெள்ளி. அதன் மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. விலைக்குப் பக்கத்தில் போடும் பிளஸ் பிளஸ் என்றால் இதுதான், சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி. 978 வெள்ளி 38 காசு. சேவைக் கட்டணம் அரசாங்கம் போடுவது இல்லை, கடை போடுவது, அதையாவது எடுங்கள் என்றேன். "கணினியில் தானாக வருகிறது சார், எடுக்க முடியாது." முன்பணம் 200 போக மீதி 778.38. அம்மா டாக்சிக்குப் போக வேண்டும் என்றார். அட்டையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கே கட்டாமல் நின்றிருக்க வேண்டும். தப்புதான், தெரிகிறது, யாரும் கருத்தில் வந்து சொல்ல வேண்டாம்.

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்பு தனி.

திங்கள் காலை உணவகத்துக்கு மின்னஞ்சல். மாலையில் பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், சமையலறைக் குழுவுக்கு நினைவூட்டியிருக்கிறோம், அடுத்த வருகைக்கு 50 வெள்ளி கழிவு, வார நாட்களில் மட்டும். அடுத்த வருகையாம்! மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை, தேடிப் பார்த்தேன். மறுபடி எழுதினேன். இப்போது கதை மாறியது: செயலியிலிருந்து வந்த குறிப்பில் சமயக் காரணம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை, செயலியிடம் கேளுங்கள். செயலியில் மனிதரே கிடையாது, பேசும் பொம்மைதான். நான் ஒரு பத்தி எழுதினால் "முன்பதிவை ரத்து செய்ய விரும்புகிறீர்களா?" என்கிறது. சாப்பிட்டாகிவிட்டதே, எதை ரத்து செய்ய? மூன்றாவது முயற்சியில் ஒரு ஆள் வந்தார், உணவு சம்பந்தப்பட்டது உணவகத்தின் பொறுப்பு என்று திருப்பிவிட்டார். பணத்தைத் திருப்ப முடியுமா என்று வங்கியைக் கூப்பிட்டு, இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு, "நீங்கள் சேவையைப் பெற்றுவிட்டீர்கள், அங்கேயே ஒப்புதல் கொடுத்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள்" என்றார்கள். பெற்றுவிட்டேனாம். 978 வெள்ளிக்கு என் அம்மாவின் வயிற்றில் எது போகக் கூடாதோ அதைப் பெற்றுவிட்டேன்.

வீட்டில் அம்மா சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. திங்களிலிருந்து விளக்கை என் மனைவிதான் ஏற்றுகிறாள். நான் ஏதாவது பேச ஆரம்பித்தால், "விடு தம்பி, தெரியாமத்தான சாப்பிட்டேன்" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பயனீட்டாளர் சங்கத்துக்குப் புகார் எழுதியாகிவிட்டது. அதில் நடக்கவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான், இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. மகள் உட்கார்ந்து விண்ணப்பத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பில், செயலியில் எழுதிய குறிப்பின் படம், மின்னஞ்சல்கள். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பேசியதற்கு மட்டும் சாட்சி இல்லை.

சரி, கவனிக்க வேண்டியவை என்று சொன்னேனே. மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், கொழுப்பும் எலும்புச்சாறும் கூடாது, அதே இரும்புத் தட்டிலும் சமைக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். பூண்டுச் சோறு வந்தால் எதில் கிண்டினீர்கள் என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். சைவக்காரர்கள் இந்தக் கடைகளில் இன்னும் கவனம், மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். தேநீருக்குக் காசா என்று முதலிலேயே கேளுங்கள். வேறு ஏதோ இரண்டு விஷயம் எழுத நினைத்தேன், இப்போது ஞாபகம் வரவில்லை.

இன்னொன்று. எவ்வளவு ஆச்சு என்று அம்மா டாக்சியிலேயே கேட்டார். முந்நூறு வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே "முந்நூறா!" என்று வாயில் கை வைத்தார். இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், வீட்டுக்கு வரும்போது 978 என்ற எண்ணை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.