டின்டின் காமிக்ஸ்: மூன்று கதைத் தொகுப்பா, ஒரே கதை கொண்ட தனி ஆல்பமா?

விலை, இடம்: லிட்டில் பிரவுன் வெளியிட்ட தொகுப்பு வரிசையில் 7 புத்தகம், 21 கதை. கதைக் கணக்கில் இதுதான் மலிவு. சோவியத், காங்கோ கதைகள் இதில் கிடையாது.

உழைப்பு: தொகுப்புக்குக் கெட்டி அட்டை. பேப்பர்பேக் ஆல்பத்தை விரித்து விரித்துப் படித்தால் முதுகில் வெள்ளைக்கோடு விழும்.

படிப்பு: ஆல்பம் ஏறக்குறைய ஏ4 அளவு. தொகுப்பில் படம் சுருங்கிவிடும். எழுத்து பொடிசு, கூட்டக் காட்சியில் பின்னணி முகங்கள் புள்ளியாகிவிடும்.

அண்டை வீட்டுக்காரர்கள் (எந்தக் கதையோடு எந்தக் கதை): இங்கேதான் வில்லங்கம். யூனிகார்ன் கப்பலின் ரகசியம் 3ஆம் தொகுதியில், நண்டுக் கதைக்கும் எரிநட்சத்திரத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். புதையல் கிடைக்கும் இரண்டாம் பாதியோ 4ஆம் தொகுதியில். ஒன்றை மட்டும் வாங்கினால் கதை அந்தரத்தில் நிற்கும். நிலவுப் பயணம் தப்பித்தது. இரு பாகமும் 5இலேயே.

21 கதையும் வேண்டுமா, ரயிலில் படிக்கவா? தொகுப்பு. குழந்தைக்கு, கண்ணாடி போட்டவருக்கு, டின்டினை வரைந்த எர்ஜேயின் கோடுகளை ரசிப்பவருக்கு ஆல்பம். யூனிகார்ன் ஜோடியை எப்படியும் ஆல்பமாகவே எடுங்கள்.