ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸை முடுக்குவதா, ஜாயிண்டை மாற்றுவதா?

பழைய பஸ்ஸில் ஸ்டியரிங் லூஸ், கொஞ்சம் திருப்பியும் சக்கரம் அசையவில்லை என்று பட்டறையில் சொன்னால், முதலில் கை போவது ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் தண்டின் கீழே பற்சக்கரங்கள் உள்ள பெட்டி) மேலிருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குருவுக்குத்தான். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரு டிரைவர், பத்து நிமிஷ வேலை, உதிரி பாகச் செலவே இல்லை. ஆட்டமும் குறைந்த மாதிரி தெரியும். வண்டிக்காரருக்குப் பரம திருப்தி.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அசோக் லேலண்ட் வைக்கிங் பஸ் மாதிரி முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்ஸிலும் உள்ள வண்டியில், பாக்ஸுக்குக் கீழே ஆடும் கை டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி டிராக் லிங்க், இரண்டு சக்கரத்தையும் இணைக்க டை ராடு. இரண்டு கம்பிக்கும் முனைக்கு ஒன்றாக, ஆக மொத்தம் நான்கு பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டு). பாக்ஸ் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. ஜாயிண்டுகளோ சேற்றிலும் புழுதியிலும் ஓடுகின்றன. மேலே மூடியிருக்கும் ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. எது முதலில் தேயும்?

ஜாக்கி போடாமலே கண்டுபிடிக்கலாம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆட்டட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட கையில் 'டக்'கென்று இடிக்கும். ஸ்டியரிங் சுற்றியும் டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால்தான் பாக்ஸையும் அதற்கு மேலுள்ள ஜாயிண்டையும் சந்தேகப்படலாம்.

அப்புறம் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லூஸ் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) புஷ்.

எவ்வளவு ஆட்டம் வரை விடலாம்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98 ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் கூடாது என்கிறது. 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது சுமார் 13 செ.மீ. அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் அளவு 10 டிகிரி, அதாவது சுமார் 2 அங்குலம். நாற்பது ஐம்பது பேரை ஏற்றும் வண்டிக்கு எனக்கு இரண்டாவதுதான் கணக்கு.

பாக்ஸை முடுக்குவதில் இன்னொரு வில்லங்கம். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், உள்ளே பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடு ஆட்டம் போகும்வரை முடுக்கினால், திருப்பும்போது இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஆட்டத்தைவிட அது மோசம். எல்லா ஜாயிண்டும் சரியாக இருந்தால் மட்டும் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நடுவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

ஜாயிண்ட் மாற்றுவது செலவுதான், வேலையும் கூட. மிகப் பழைய வண்டிகளில் டிராக் லிங்க் முனையில் திருகும் மூடி இருக்கும். இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தி, கழன்றுவிடாமல் காட்டர் பின் (பிளவு ஊசி) போட்டால் ஓடும். பந்தே முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் பலிக்காது. சீல் வைத்த ஜாயிண்டில் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கழற்றும்போது ஜாயிண்டின் ஸ்டட்டில் (நட்டு ஏறும் தண்டு) உள்ள மரையில் அடிக்காமல், அது நுழையும் ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் தட்டினால், இறுகிய டேப்பர் (கூம்பிய பகுதி) விட்டுவிடும். டை ராடு எண்டைச் சுழற்றும் முன் எத்தனை மரை என்று எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை, வண்டியை டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) பார்க்கும் இடம்வரை கொண்டுபோக மட்டும்தான். மாட்டும்போது நட்டின் பள்ளமும் காட்டர் பின் ஓட்டையும் நேராக வராவிட்டால் தளர்த்தாதீர்கள், அடுத்த பள்ளம்வரை முடுக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடவும் வேண்டாம். புதுசு சில ரூபாய்தான்.