14 டிகிரி 10 ஆனது பெல்ட்டால் அல்ல

தங்கச்சிமடம் பக்கம் 12 வயதுப் பிள்ளை ஒருத்தியை முகாமில் பார்த்து, "இப்படியே விட்டா கூன் விழுந்துடும்" என்று பயமுறுத்தி, முதுகு பெல்ட்டுக்கும் 40 நாள் எண்ணெய் நீவலுக்கும் 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். முதல் எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு 14 டிகிரி, கடைசியில் 10. வீட்டில் நம்பிவிட்டார்கள், யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

படங்களின் மூலையில் நேரம் அச்சாகியிருக்கிறது. முதல் படம் சாயங்காலம், நிற்க வைத்து எடுத்தது. இரண்டாவது காலையில் எடுத்தது. மேஜையில் படுக்க வைத்ததைத் தாயே சொன்னார். படுத்தால் உடம்பின் பாரம் முதுகெலும்பில் இறங்காது, வளைவு தானாகக் குறைந்து தெரியும். அதோடு, ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை முன்பின் வரும். 4 டிகிரி இறங்கியதை எலும்பு டாக்டர்கள் மாற்றமாகவே எடுப்பதில்லை.

நிஜமாகவே குறைவதும் உண்டு. ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தாலோ, முதுகுத் தசை பிடித்துக்கொண்டாலோ முதுகு சாயும். காரணம் போனால் நிமிர்ந்துவிடும். ஸ்டூலில் உட்கார வைத்துப் பாருங்கள். வளைவு மறைந்தால் கோளாறு பெரும்பாலும் காலில்தான். 3 வயதுக்குள் வரும் லேசான வளைவுகளில் பல, பிள்ளை வளர வளரத் தானே சரியாகும். பெரிய பிள்ளைகளிலும் 20 டிகிரிக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் அப்படியே நிற்கும், சில குறையும். அந்த நல்ல காலத்தைத்தான் பெல்ட்காரர் விலைக்கு விற்கிறார்.

முழங்கால் மடக்காமல், கைகளைச் சேர்த்துக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தூக்கினால் எலும்பே திரும்பியிருக்கிறது, டாக்டர் பார்க்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் காலம். 11, 12 வயதில் பிள்ளை சட்டென்று உயரும்போது வளைவும் கூடலாம். அப்போது 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, நிற்க வைத்து எடுத்த படம் வேண்டும். 25 டிகிரி தாண்டி, வளர்ச்சியும் மிச்சமிருந்தால் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பிரேஸை நாளுக்கு 18 மணி நேரமாவது போடச் சொல்வார்கள். கடையில் விற்கும் எலாஸ்டிக் பெல்ட் அந்த வேலையைச் செய்யாது; நம் கடற்கரை வியர்வையில் வேர்க்குருதான் மிச்சம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இரண்டு படங்களையும் கேட்டு வாங்கி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டுங்கள். ராத்திரி வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் 6 மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள்.